சங்கிலியை மறவாத புனிதர்

செப்டெம்பர் மாதம் 27ஆம் திகதி திருச்சபை புனித வின்சன்ட் டி போல் அடிகளாரின் திருவிழாவைக் கொண்டாடுகின்றது. ஏழைகளின் தந்தை என்றே உலகம் அவரை அறியும். அவருடைய பெயரைத் தாங்கிய சபையினர் நம் பங்குகளில் நோயாளர் இல்லங்களையும் விதவையர் இல்லங்களையும் தேடிச் செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஆனால், அந்த மகானின் இரக்கப் பணியில் ஒரு பெரும் பகுதி கடலோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அந்நிய நாட்டுச் சந்தைகளில் விற்கப்பட்ட மாலுமிகளுக்காகவும் பயணிகளுக்காகவும் அவர் தம் இறுதி மூச்சுவரை உழைத்தார். அந்தப் பக்கத்தை இவ்வாரம் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

அச்சம் நிறைந்த கடல்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் வணிகருக்குச் செல்வம் தந்த கடலாகவும் கப்பற்றொழிலாளருக்கு அச்சம் தந்த கடலாகவும் விளங்கிற்று. வட ஆபிரிக்காவின் துனிஸ், அல்ஜியர்ஸ், திரிப்போலி ஆகிய துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கொள்ளையரின் விரைவுக் கலங்கள், கரையோரமாகச் சென்ற சரக்குக் கப்பல்களை வழிமறித்தன. இவர்கள் தனித்துத் திரிந்த திருடர்கள் அல்லர். தத்தம் ஆட்சியாளரின் அனுமதியைப் பெற்று, கொள்ளையில் அவர்களுக்கும் பங்கு கொடுத்து, இதனை ஒரு தொழிலாகவே நடத்தி வந்தனர்.

அவர்களுக்குச் சரக்கைப் போலவே மனிதரும் பெறுமதியான பொருளாக இருந்தனர். வசதி படைத்த பயணி கிடைத்தால் அவருடைய உறவினரிடம் பெருங் கப்பம் கேட்கலாம். தச்சு வேலையோ வைத்தியமோ கப்பலைச் செலுத்தும் கலையோ அறிந்தவரை நல்ல விலைக்கு விற்கலாம். அத்தகையோரை வாங்கியவர் அவர்களை எளிதில் விடுவதுமில்லை. எத்தொழிலும் அறியாத ஏழை மாலுமியைத் தண்டு வலிக்கும் கப்பலில் சங்கிலியால் பூட்டிவிடலாம். கப்பலை இழந்த வணிகர் கடனாளியானார். கடலுக்குச் சென்ற கணவன் திரும்பாத வீட்டிலோ, அவன் அலையில் மூழ்கினானா, எங்கோ ஓர் ஊரில் சங்கிலியோடு வாழ்கின்றானா என்று அறியாமல் மனைவி ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தாள். அவளால் துக்கம் அனுட்டிக்கவும் முடியவில்லை. நம்பிக்கையைக் கைவிடவும் முடியவில்லை.

எருதுகளை விற்றுப் படிக்க வைத்த தந்தை

வின்சன்ட் 1581ஆம் ஆண்டு பிரான்சின் தென்மேற்கே, டாக்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பூயி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவர் மூன்றாமவர். சிறுவயதில் தந்தையின் ஆடுகளையும் பன்றிகளையும் மேய்த்தார். பிள்ளையின் அறிவுக்கூர்மையைக் கண்ட தந்தை, டாக்ஸ் நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் அவரைப் படிக்க அனுப்பினார். பின்னர் துலூஸ் பல்கலைக்கழகப் படிப்புக்காக ஒரு சோடி எருதுகளையே விற்றார்.

அந்நாளைய வின்சன்ட் நாம் அறிந்த புனிதர் அல்லர். கால் ஊனமுற்றுக் குடியானவனின் எளிய உடையில் தம்மைப் பார்க்க வந்த தந்தையைச் சந்திக்க வெட்கி, அவர் மறுத்ததுண்டு. முதுமையில் இதனைத் தாமே பிறர் முன்னிலையில் சொல்லி வருந்தினார். 1600ஆம் ஆண்டு செப்டெம்பரில், பத்தொன்பது வயதிலேயே, குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வருமானமுள்ள ஒரு பதவியைப் பெற்றுத் தம் குடும்பத்தை வறுமையிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்பதே அக்காலத்தில் அவருடைய பெரு விருப்பமாக இருந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக் கடனை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர், இந்த விருப்பத்தை இலகுவில் புரிந்துகொள்வர்.

கடலில் நேர்ந்தது

1605ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை, இரண்டு ஆண்டுகளின் பின் தம் புரவலரான தெ கொமே என்பவருக்கு எழுதிய கடிதத்தில் வின்சன்ட் விபரித்துள்ளார். துலூஸில் ஒரு மூதாட்டி இறக்கும்போது தம் சொத்தில் ஒரு பங்கை அவருக்கு எழுதி வைத்திருந்தார். அம்மூதாட்டிக்குக் கடன்பட்ட ஒருவன் மார்செய் நகருக்கு ஓடிவிட்டான். அவனைத் துரத்திச் சென்ற இளங்குரு, வழிச்செலவுக்காக வாடகைக்கு எடுத்த குதிரையையே விற்றுவிட்டார். கடனாளியைப் பிடித்து 300 எக்கு நாணயங்களையும் பெற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது, அறிமுகமான ஒரு கனவான் கடல் வழியாக நார்பொன் வரை செல்லலாம் என்று அழைத்தார். காற்று சாதகமாக இருந்தது. அன்றே கரை சேர்ந்துவிடலாம், செலவும் குறைவு. அவர் படகேறினார்.

அது பொக்கேர் நகரத்தின் பெருஞ்சந்தைக் காலம். சந்தையிலிருந்து சரக்கேற்றி வரும் படகுகளுக்காகக் கொள்ளையரின் மூன்று கலங்கள் லியோன் குடாவில் காத்திருந்தன. அவை வின்சன்ட் சென்ற படகைத் தாக்கின. படகிலிருந்தோர் எதிர்த்தனர். இரண்டு மூன்று பேர் கொல்லப்பட, ஏனையோர் அனைவரும் காயமுற்றனர். வின்சன்டின் உடலிலும் ஓர் அம்பு பாய்ந்தது. தம் ஆட்களில் சிலரை இழந்த சினத்தால் கொள்ளையர், படகைச் செலுத்தியவரைத் துண்டு துண்டாக வெட்டினர். ஏனையோரைச் சங்கிலியால் பிணைத்தனர். மேலும் சில நாட்கள் கடலில் கொள்ளையடித்தபின் துனிஸ் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றனர்.

பிரான்சுக்கும் ஒத்தோமன் பேரரசுக்கும் இடையே அப்போது உடன்படிக்கை இருந்தது. பிரெஞ்சு மக்களைச் சிறைப்பிடித்தால், அங்கிருந்த பிரெஞ்சு அரசின் பிரதிநிதி அவர்களை விடுவிக்கக் கோரலாம். எனவே, அவர்கள் ஸ்பானியக் கப்பலொன்றிலிருந்து பிடிபட்டவர்கள் என்று கொள்ளையர் பொய்யாக எழுதி வைத்தனர். கழுத்தில் சங்கிலியோடு நகர வீதிகளில் ஊர்வலமாக நடத்தினர். வணிகர்கள் வந்து, மாடு வாங்குவோர் பார்ப்பதுபோல் அவர்களுடைய பற்களைப் பார்த்தனர். புண்களைத் தொட்டுப் பார்த்தனர். நடக்கவும் ஓடவும் சுமை தூக்கவும் செய்து பலத்தைச் சோதித்தனர். தம் தந்தைக்காக வெட்கிய இளைஞர், இப்போது சந்தையில் விலை பேசப்படும் பொருளாக நின்றார்.

முதலில் ஒரு மீனவர் அவரை வாங்கினார். கடல் அவருடைய உடலுக்கு ஒவ்வாததால், மூலிகையும் இரசவாதமும் அறிந்த முதியவர் ஒருவருக்கு விற்றார். அம்முதியவர் அன்போடு நடத்தினார். தம் சமயத்துக்கு வந்தால் செல்வமும் அறிவும் தருவதாகக் கூறினார். வின்சன்ட் இணங்கவில்லை. முதியவர் இறந்தபின், நீஸ் நகரைச் சேர்ந்தவரும் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைவிட்டவருமான ஒருவரின் கைக்கு அவர் மாறினார். அந்த எசமானின் துருக்கிய மனைவி வயலுக்கு வந்து, அவருடைய இறைவனைப் பற்றிப் பாடும்படி கேட்பாள். பபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுத இஸ்ராயேல் மக்களின் திருப்பாடலையும், அன்னை மரியாவை அரசியே என்று வாழ்த்தும் பாடலையும் அவர் கண்ணீரோடு பாடினார். அந்தப் பெண் தன் கணவனிடம் சென்று, இத்தகைய மார்க்கத்தை விட்டு விலகியது தவறு என்று கண்டித்தாள். கணவனின் மனச்சாட்சி விழித்தது. சில மாதங்களின் பின் இருவரும் ஒரு சிறு படகிலேறித் தப்பினர். 1607ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி பிரான்சின் ஏக்மோர்த் கரையை அடைந்தனர்.

மறைக்க விரும்பிய கடிதம்

இந்நிகழ்ச்சிகளுக்குச் சான்று வின்சன்டின் கடிதங்களே. பிற்காலத்தில் அவர் தம் சிறைவாழ்வைப் பற்றி நண்பரிடமோ தம் சபையினரிடமோ பேசவில்லை. அவர் முதியவரான பின்னர் அக்கடிதம் டாக்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதனை அழித்துவிட விரும்பிய அவர், இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1660ஆம் ஆண்டு மார்ச்சில்கூட, அதைத் தம்மிடம் அனுப்பும்படி மன்றாடி எழுதினார். அவருடைய செயலாளர் முன்னரே எச்சரிக்கையாக இருந்ததாலேயே கடிதம் தப்பியது.

இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் சிலர் அக்கடிதத்தின் கதையை ஐயுற்றனர். வேறு சிலர் அதனை உண்மையென ஏற்கின்றனர். அந்த வாதம் இன்றும் தீரவில்லை. விசுவாசிகளாகிய நாம் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கடிதத்தைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும், கடற்கொள்ளையரின் கைதிகளுக்காக வின்சன்ட் செய்த பணிக்குப் போதிய சான்றுகள் உள்ளன. சங்கிலியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால், சங்கிலியில் கிடந்தோரை ஒருநாளும் மறக்கவில்லை.

தண்டு வலித்தோரின் குரு

பாரிஸ் நகருக்கு வந்த வின்சன்ட், 1613ஆம் ஆண்டு முதல் கோந்தி பிரபுவின் இல்லத்தில் பணியாற்றினார். அப்பிரபு பிரெஞ்சு அரசனின் தண்டு வலிக்கும் கப்பல்களுக்குத் தளபதி. அக்கப்பல்களுக்கு அனுப்பப்படவிருந்த குற்றவாளிகள் பாரிஸின் நிலவறைகளில் புழுப்பிடித்த புண்களோடு கிடந்தனர். வின்சன்ட் அவர்களைத் தேடிச் சென்றார். நல்ல இடத்துக்கு மாற்றுவித்தார். உணவும் மருந்தும் ஆன்மீக ஆறுதலும் கிடைக்கச் செய்தார். 1619ஆம் ஆண்டு பெப்ரவரியில் பதின்மூன்றாம் லூயி மன்னர், அக்கப்பல்கள் அனைத்துக்கும் தலைமை ஆன்ம குருவாக அவரை நியமித்தார்.

ஒரு கைதியின் இடத்தில் தாமே அமர்ந்து தண்டு வலித்தார் என்று சிறுவருக்குச் சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்றில்லை. அவர் மார்செய் சென்று அந்தக் கப்பல்களில் கண்டதே போதிய துயரம். ஒரு தண்டுக்கு ஐந்து பேர் வரை ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருந்தனர்; அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினர். அவர்களுள் பிரெஞ்சுக் குற்றவாளிகளோடு, விலைக்கு வாங்கப்பட்டும் கடலில் பிடிக்கப்பட்டும் வந்த முஸ்லிம்களும் இருந்தனர். அக்கால அடிமைக் கொடுமை ஒரு கரைக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்துவின் பெயரைச் சொன்ன அரசுகளும் அதைச் செய்தன என்பதை நாம் மறைக்கலாகாது. மார்செய் நகரில் நோயுற்ற கைதிகளுக்கென ஒரு மருத்துவமனை எழுவதற்கும் வின்சன்ட் துணைநின்றார்.

துனிஸ், அல்ஜியர்ஸ் பணி

1625ஆம் ஆண்டு வின்சன்ட் மறைபரப்புச் சபையை நிறுவினார். 1633ஆம் ஆண்டு புனித லூயிஸ் டி மரியாக்கோடு இணைந்து பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். கிராமத்து ஏழைகள், கைவிடப்பட்ட குழந்தைகள், போரால் இடம்பெயர்ந்தோர் என்று பணி பெருகிற்று. இவற்றுக்கிடையே கடலுக்கு அப்பால் கிடந்தோரை அவர் நினைத்துக்கொண்டேயிருந்தார்.

1645ஆம் ஆண்டு ஜூலியன் கெறன் என்னும் குருவைத் துனிஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அல்ஜியர்ஸுக்கும் ஆட்களை அனுப்பினார். அடிமைகள் இரவில் அடைக்கப்பட்ட சிறைக்கூடங்களுக்குள் அவர்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர், நோயாளரைப் பராமரித்தனர், எழுதத் தெரியாதோருக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதினர். அல்ஜியர்ஸுக்குச் சென்ற குரு நூவெலி 1647இலும், துனிஸிலிருந்த கெறன் 1648இலும், கொள்ளைநோய் கண்டோரைப் பராமரிக்கையில் அந்நோயாலேயே இறந்தனர். வின்சன்ட் பணியை நிறுத்தவில்லை. வேறு குருக்களை அனுப்பினார்.

பாரிஸில் அவர் வாழ்ந்த சான் லாசார் இல்லம், பிரிந்த குடும்பங்களின் அஞ்சலகமாக மாறிற்று. மகனின் கடிதம் வந்ததா என்று தாய் கேட்டாள். கணவனை மீட்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை மனைவி கொண்டுவந்தாள். அப்பணம் மார்செய் வழியாக ஆபிரிக்கக் கரைக்குச் சென்றது. அதற்கு முன்பே திரித்துவச் சபையினரும் மீட்பின் அன்னை சபையினரும் பல நூற்றாண்டுகளாக இத்தகைய மீட்புப் பணியைச் செய்து வந்தனர். வின்சன்டின் மகன்கள் கைதிகளோடு அங்கேயே தங்கி வாழ்ந்தனர்.

மீட்கப் போனவரே கைதியானார்

இப்பணியில் அவருக்கு மிகுந்த வேதனை தந்தது அல்ஜியர்ஸில் இருந்த சகோதரர் ஜோன் பரோவின் நிலை. கொன்சல் எனப்படும் அரசப் பிரதிநிதியின் பதவியை அவர் அங்கே வகித்தார். இரக்க குணம் மிகுந்தவர். பிறருடைய கடனுக்குப் பிணை நிற்க அஞ்சாதவர். பிரெஞ்சு வணிகர் ஒருவர் கடனை அடைக்காமல் ஓடியபோது, ஆட்சியாளர் பரோவைப் பிடித்து உள்ளங்காலில் அடித்தனர். நகக்கண்களில் சிராம்புகளை ஏற்றினர். அவர் வேதனை தாளாது பெருந்தொகை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்.

பாரிஸில் இச்செய்தியைக் கேட்ட வின்சன்ட் பணம் திரட்ட முற்பட்டார். வீடு வீடாக உதவி கேட்கப்பட்டது. எனினும் ஒரு கடினமான கேள்வி எழுந்தது. அடிமைகளை மீட்கவென்று குடும்பங்கள் தந்த காசை எடுத்து, தம் சகோதரரை மீட்கலாமா? கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்தக் காசு யாருக்காகத் தரப்பட்டதோ அவருக்கே உரியது. பிறருக்குப் பிணை நிற்க வேண்டாம் என்று பரோவுக்கும் மீண்டும் மீண்டும் எழுதினார். கைதிகளைக் கடற்படையின் துணையோடு விடுவிக்கும் திட்டம் ஒன்றையும் ஆதரித்தார். அதுவும் கைகூடவில்லை. இத்தனை இழப்புத் தரும் பணியை விட்டுவிடலாம் என்று சபைக்குள்ளேயே சிலர் எண்ணினர். வின்சன்ட் அதற்கு இசையவில்லை. தந்தையில்லாப் பிள்ளைகள்போல் அங்கே கிடப்போரைக் கைவிட அவருடைய மனம் ஒப்பவில்லை.

1660ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி அதிகாலை, நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் துறந்தார். பரோ அப்போதும் அல்ஜியர்ஸிலேயே இருந்தார். மறு ஆண்டு, 1661இல், மீட்கப்பட்ட எழுபது அடிமைகளோடு அவர் பிரான்சுக்குத் திரும்பினார். அந்தக் காட்சியைக் காண வின்சன்ட் இருக்கவில்லை. அவர் காலத்தில் அவருடைய சபையினரால் மீட்கப்பட்டோர் ஏறக்குறைய 1200 பேர் என்று கணக்கிடப்படுகின்றது. அவர் அனுப்பிய குருக்களுள் ஒருவரான ஜோன் லெ வஷே, 1683ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கடற்படை அல்ஜியர்ஸைக் குண்டுவீசித் தாக்கியபோது, பீரங்கி வாயில் கட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். வின்சன்டைத் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் 1737இல் புனிதராக உயர்த்தினார்.

நம் காலத்துக் கைதிகள்

அன்பார்ந்தவர்களே, இது பழங்கதை மட்டுமன்று. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சோமாலியக் கடற்கொள்ளையர் 'அல்பேடோ' என்னும் சரக்குக் கப்பலைக் கைப்பற்றினர். அதிலிருந்த 23 மாலுமிகளுள் அறுவர் இலங்கையர். அவர்களோடு பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தியா, ஈரான் நாட்டவரும் இருந்தனர். 2012இல் பாகிஸ்தான் மாலுமிகள் எழுவரை அந்நாட்டு மக்கள் பணம் திரட்டி மீட்டனர். 2013இல் கப்பல் கடலில் மூழ்கியது. எஞ்சியிருந்த 11 பேர் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே, மூன்றரை ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வின் பின், விடுதலை பெற்றனர். மீண்டும் 2017ஆம் ஆண்டு மார்ச்சில் 'ஏரிஸ் 13' என்னும் எண்ணெய்க் கப்பலில் இருந்த இலங்கை மாலுமிகள் எண்மர் பிடிக்கப்பட்டுச் சில நாட்களில் விடுவிக்கப்பட்டனர்.

நாம் உண்ணும் கோதுமையும் அடுப்பெரிக்கும் எரிவாயுவும் நோயாளருக்கான மருந்தும் கப்பலில் வருகின்றன. அவற்றைக் கொண்டு வருவோரின் முகங்களை நாம் அறியோம். அவர்களுக்காகவே 1920ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கடலின் விண்மீன் என்னும் மரியன்னையின் பெயரால் கப்பற்றொழிலாளர் பணி தொடங்கப்பட்டது. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடலோடிகளின் ஞாயிறாகப் பல நாடுகளில் அனுட்டிக்கப்படுகின்றது.

கட்டுண்டிருப்போரை, நாமும் அவர்களோடு கட்டுண்டிருப்பவர்போல் எண்ணி நினைவுகூர வேண்டும் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் கற்பிக்கின்றது. துன்பத்திலிருந்து தப்பியவர் அத்துன்பத்தை மறக்கவே விரும்புவர். அது மனித இயல்பு. வீடு கட்டியபின் முகாம் வாழ்வை மறக்கின்றோம். வேலை கிடைத்தபின் வேலையற்றோரை மறக்கின்றோம். நம் பிள்ளை திரும்பி வந்தபின், பிள்ளை திரும்பாத அயல்வீட்டுத் தாயின் வாசற்படியை மிதிக்கத் தயங்குகின்றோம். நம் மண்ணில் அத்தகைய தாய்மார் எத்தனை பேர்! அவர்களுக்கு நாம் விடை கொடுக்க முடியாமல் இருக்கலாம். அருகில் சென்று அமர நம்மால் முடியும்.

கடிதத்தை மறைக்க விரும்பிய வின்சன்ட், கைதிகளை மறைவில் விடவில்லை. தம் கதையைச் சொல்லி இரக்கம் தேடாமல், பிறருடைய கதைக்குக் காது கொடுத்தார். இவ்வாரம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியைக் கடலில் உழைப்போருக்காகவும், சிறைப்பட்டோருக்காகவும், வீடு திரும்புவோருக்காகக் காத்திருப்போருக்காகவும் ஒப்புக்கொடுப்போம். செபம் முடிந்தபின், நம் தெருவில் காத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று வருவோம்.

புனித வின்சன்ட் டி போலே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.